இலையில் வந்த நத்தார்ப் பலகாரம்

மன்னார் பஸ் நிலையத்தில் அன்று மழைக்கும் காற்றுக்கும் யார் பெரியவர் என்ற சண்டை. நடுவில் அகப்பட்டுக்கொண்டது ஜெனிஸ்ராவின் கோப்பு. நாடா அவிழ்ந்தது... தாள்கள் பறந்தன...

“ஐயோ, பிடியுங்கோ!”

பிடித்தவன் நல்ல உயரம். கக்கத்தில் உழவு இயந்திரச் சாமான் பெட்டி, நெற்றியில் மழைத்துளி, கண்களில் குறும்பு. ஒன்பது தாள்களைக் கொடுத்தான். பத்தாவதை நின்று வாசித்தான். வாசித்ததோடு விட்டானா? சிரித்தான்!

“மற்றவையின்ர எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறது நல்ல பழக்கம் போல...”

“எழுதினது ஆர்?”

“நான்தான். ஏன்?”

புளியடி ஒழுங்கையில் முன்பு குடியிருந்தவர்கள் டிசெம்பரில் ஒன்றுகூடுகிறார்கள். கத்தோலிக்கரும் முஸ்லிம்களும், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய சைவக் குடும்பங்களும் வாழ்ந்த ஒழுங்கை அது. பதினெட்டு வருடங்களுக்கு முன் யுத்தம் விரட்டியதில் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அவர்களின் நினைவு மலரைத் தொகுப்பவள் ஜெனிஸ்ரா. அவன் வாசித்த தாளில் அவளே எழுதியிருந்தாள்: ‘பாலன் இயேசு பிறந்த நத்தாருக்கு எல்லா வீட்டுக்கும் தட்டில் பலகாரம் கொண்டுபோவேன். றுஷ்தா மாமி வீட்டுத் தட்டு வட்டிலப்பத்தோடு திரும்பி வரும். கடைசி வீட்டுப் பெரியசாமி ஐயாவுக்கு மட்டும் வாழையிலையில் கொடுப்போம். அவ்வளவு மரியாதை!’

“தட்டில தந்தா தட்டுத் திரும்பி வரும்,” என்றான் அவன். “நாங்கள் தொட்ட தட்டு உங்கட குசினிக்குள்ள வரக்கூடாது. அதுக்குத்தான் இலை. மரியாதையாம்!”

“நீங்கள்...?”

“பெரியசாமியின்ர மகன். ஜெகதீபன்.”

உதடு இன்னும் சிரித்தது. கண்கள் சிரிக்கவில்லை. அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றதில் ஜெனிஸ்ரா தன் பஸ்ஸைத் தவறவிட்டாள். கோபம் கோபமாக வந்தது... யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தாயைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, பெரியசாமி ஐயா வீட்டுக்கு ஏன் இலையில குடுத்தனீங்கள்?”

மீன் வெட்டிக்கொண்டிருந்த அஞ்சலாவின் கை நின்றது. “அப்ப எல்லாரும் அப்பிடித்தான் பிள்ளை. தோட்டத்து ஆக்கள் எண்டு... நான் தொடங்கின பழக்கமில்லை.”

“நிப்பாட்டினீங்களோ?”

அஞ்சலா மீன் சட்டியைத் தள்ளி வைத்தாள்.

“அதை மலரில போட்டிடாதை. எல்லாரும் கூடுற இடத்தில என்ர முகத்தில கரி பூசாதை.”

அடுத்த சனிக்கிழமை ஜெனிஸ்ரா விசாரித்துக்கொண்டு, கட்டுக்கரையில் இருந்த அவனுடைய உழவு இயந்திரத் திருத்தகத்தில் போய் நின்றாள்.

“என்ன, திரும்பவும் தாள் பறந்திட்டுதோ?”

“உங்கட ஞாபகங்களைச் சொல்லுங்கோ. சொன்னபடியே போடுவன்.”

“உங்கட வீட்டுப் பேரோடயோ?”

“என்ர வீட்டுப் பேரோட.”

அவன் முதன்முறையாக அவளை நிதானமாகப் பார்த்தான். அப்பப்பா... இப்படியும் ஒருவன் பார்ப்பானா!

அதன் பிறகு இரண்டு சனிக்கிழமைகள், அவனுடைய மோட்டார் சைக்கிளில் ஒழுங்கைக்காரரைத் தேடிப் போனார்கள். கொண்டச்சியில் றுஷ்தா மாமி தேத்தண்ணி தந்து, “சிரிச்சதையும் எழுதுங்கோ மகள், அழுததையும் எழுதுங்கோ,” என்றார். திரும்பும்போது தூறல். அவன் தன் மழைக்கோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, “எனக்கு மழை பிடிக்கும்,” என்று பொய் சொன்னான். பல் கிடுகிடுத்ததை அவள் கேட்காதது போல இருந்தாள். மனசு மட்டும் கேட்டுக்கொண்டேயிருந்தது...

மூன்றாம் சனிக்கிழமை, குளக்கட்டில் வைத்து அதைச் சொன்னான்.

“எனக்கு ஒம்பது வயசு. பொங்கலண்டு அம்மா புதுத் தட்டு வாங்கி, உங்கட வீட்டுக்குப் பொங்கல் குடுத்துவிட்டவ. நான்தான் கொண்டுவந்தனான். தட்டை வாங்குவம் எண்டு வேலிக்கு அங்கால நிண்டு பார்த்தா... பொங்கலை உங்கட ஆடு திண்டுகொண்டு நிண்டது.”

ஜெனிஸ்ராவால் அழுகையை அடக்க முடியவில்லை. அவன் முகம் சட்டென்று இறுகியது.

“அழாதேங்கோ. இரக்கப்பட்டு என்னோட பழகிற ஆள் எனக்கு வேண்டாம்.”

அன்று பஸ் ஏற்றிவிட்டவன்தான். அதற்குப் பிறகு அவள் எடுத்த எந்த அழைப்புக்கும் பதில் இல்லை. இரண்டு வாரம்! இவனுக்கு எவ்வளவு திமிர் என்று திட்டினாள்... திட்டிவிட்டுத் திரும்பவும் போனைப் பார்த்தாள்.

பொங்கல் கதையைத் தாயிடம் சொன்னபோது, அஞ்சலா கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள்.

“அந்தப் பிள்ளை பார்த்ததோ?” அவ்வளவுதான் கேட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

ஒன்றுகூடல் நாள். மண்டபம் நிறைந்த சனம். ஜெனிஸ்ரா மேடையேறி, தன் பக்கத்தைத் தானே வாசித்தாள். இலை ஏன் என்று வாசித்தாள். ஆட்டையும் வாசித்தாள். குரல் நடுங்கவில்லை.

“இப்ப ஏன் இந்தப் பழங்கதையெல்லாம்?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

அப்போது அஞ்சலா எழுந்தாள். நேரே பெரியசாமியின் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணை, பிள்ளை வாசிச்சது உண்மை. பொங்கலை ஆட்டுக்கு வைச்சது நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“தெரியும்மா,” என்றார் பெரியசாமி. “ஒரு நாளைக்கு உங்க வாயால சொல்லுவீங்கன்னு பதினெட்டு வருசமா இருந்தேன்.”

ஜெகதீபன் மண்டபத்தில் இல்லை. வெளியே, தாழ்வாரத்தில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

“ஏன் போன் எடுக்கேல்ல?” என்று கேட்டபடி ஜெனிஸ்ரா எதிரே வந்து நின்றாள்.

“சொன்னன்தானே... இரக்கம் வேண்டாம் எண்டு.”

“உங்கட அப்பாட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. உங்களிட்டச் சொல்ல வந்தது வேற.” அவள் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். “உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இது இரக்கமில்லை. இரக்கமெண்டா பஸ் ஸ்டாண்டில அண்டைக்கே வந்திருக்கும். அண்டைக்கு வந்தது கோவம். அந்தக் கோவத்தோட வீட்ட போனா... கண்ணை மூடினாலும் நீங்கள், திறந்தாலும் நீங்கள்!”

மழை விட்டு விட்டுப் பெய்தது. அவன் கையை நீட்டித் தாழ்வாரத் தண்ணீரை ஏந்தினான்.

“நீங்கள் அழுதவுடன என்ர கோவம் கரைஞ்சிட்டுது, ஜெனிஸ்ரா. இத்தனை வருசக் கோவம்... அது போனா என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. பயந்திட்டன்.”

“இப்ப?”

“இப்பவும் பயம்தான். ஆனா... விருப்பம். சரியான விருப்பம்.” பிறகு தயங்கினான். “உங்கட அம்மாவுக்குத் தெரியுமோ?”

“இண்டைக்குக் காலமையே சொல்லிட்டன். ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. ‘அந்தப் பிள்ளையின்ர முகத்தை நான் எப்பிடிப் பார்க்கிறது?’ எண்டுதான் கேட்டவ.”

ஜெகதீபன் கண்ணைத் துடைத்தான். தலைமயிரைக் கையால் சீவிவிட்டான். அவள் கையைப் பிடித்தான்.

“வாங்கோ. என்ர முகத்தை நானே கொண்டுபோய்க் காட்டுறன்.”