நீலச் சட்டைக்காரனின் உயிர்கள்

கணினியில் ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் செருகியிருந்தது. அதுவும் தங்கையின் கையில். ஆனாலும் திரையில், இரண்டாம் ஆட்டக்காரனான நீலச் சட்டைக்காரன் தானாக நடந்தான்.

"இந்த எமுலேட்டர் சரியில்ல அண்ணி."

"வேற போடேன்," என்றாள் அண்ணி, அண்ணனின் வாயோரம் துடைத்தபடி.

பக்கவாதத்தில் விழுந்த அண்ணனுக்குப் பழகின சத்தம் எதையாவது கேட்கவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் அடித்துக்கொண்டு ஆடிய ஆட்டம் அது. அதில் அண்ணன்தான் எப்போதும் நீலச் சட்டைக்காரன். அதன் கருவி எப்போதோ பாழாய்ப்போய்விட, அதைப் போலவே இயங்கும் மென்பொருள்களை நாலு பேரிடம் கேட்டு இறக்கி வைத்திருந்தாள் தங்கை.

நீலச் சட்டைக்காரன் பள்ளத்தில் விழுந்தான். மூன்றில் ஓர் உயிர் போனது. அதே நொடி, மருந்து நெடியும் ஈரத் துணி வாடையும் தேங்கிய அந்த அறையில், அண்ணனின் மூச்சு தொண்டையில் சிக்கி, கரகரத்து, வெகுநேரம் கழித்து வெளியே வந்தது.

அதை அழித்துவிட்டு அடுத்த எமுலேட்டரைத் திறந்தாள். புத்தம் புதிதாய்த் தொடங்கவேண்டிய ஆட்டம். நீலச் சட்டைக்காரனுக்கு இரண்டே உயிர்.

அவன் நேராகப் பள்ளத்துக்குப் போனான்.

அண்ணனின் உதடு கறுத்தது. அண்ணி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். தங்கை ஆட்டத்தை மூடினாள். டக், டக் என்று அவன் நடக்கும் சத்தம் நிற்கவில்லை. ஸ்பீக்கரைப் பிடுங்கினாள். நிற்கவில்லை. பார்க்காமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் தாங்கவில்லை. ஆட்டத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிற மூன்றாவது எமுலேட்டரைத் திறந்தாள்.

ஓர் உயிர்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். மேகங்கள் நின்றன. அவளுடைய சிவப்புச் சட்டைக்காரன் நின்றான். நீலச் சட்டைக்காரன் மட்டும் நடந்தான்.

"அண்ணா, வேணாம்ணா…"

கட்டிலைப் பார்த்தாள். அண்ணனின் கண்கள் திரையிலேயே இருந்தன. கெஞ்சுகிறானா, பார்க்கிறானா, தெரியவில்லை.

விழுந்தான்.

மூச்சுச் சத்தம் இல்லை. அவள் கையிலிருந்து கன்ட்ரோலர் நழுவித் தரையில் விழுந்தது. எழ முயன்றாள். கால்கள் எழவில்லை. கூப்பிட வாய் திறந்தாள். குரல் வரவில்லை.

"ஏய், இங்க பாரேன்!" அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள். "உங்கண்ணன் கட்டைவிரல் அசையுது!"

போர்வையின் மேல் அந்த விரல் அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது.

திரையில் சிவப்புச் சட்டைக்காரன் பள்ளத்தை நோக்கி நடக்கத் தொடங்கினான்.