ஆரஞ்சுப் பந்தும் குஸ்ஸின் கண்களும்

அன்று அரசர் பிறந்தநாள். அரச குடும்பத்தின் நிறம் ஆரஞ்சு என்பதால் ஊர் முழுக்க அந்த நிறம்தான். பூங்காவில் பிள்ளைகள் விரிப்புப் போட்டுப் பழைய பொம்மைகளை விற்றார்கள். சிலர் வித்தை காட்டினார்கள்.

ஃபென்னா தன் நாய் குஸ்ஸோடு வந்திருந்தாள். "எவ்வளவு தூரம் பந்தை எறிஞ்சாலும் ஒரு நொடியில கண்டுபிடிச்சிடுவான்!" என்று ஒரு வாரமாகப் பள்ளியில் பீற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் பழகியது நீலப் பந்து. ஆனால் இந்த நாளில் போய் நீலமா? புத்தம்புது ஆரஞ்சுப் பந்தைக் கொண்டுவந்தாள்.

எறிந்தாள். குஸ் பாய்ந்து ஓடினான். பந்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு அங்குமிங்கும் பார்த்தான். கடையில் பொரியும் உருளைக்கிழங்கின் வாசம் வேறு மூக்கைக் குழப்பியது.

"நாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடும்மா!" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது.

ஃபென்னாவின் முகம் சிவந்தது. "முட்டாள்! கண்ணு எதுக்கு இருக்கு? பக்கத்துலதானே கிடக்கு!" என்று கத்தினாள்.

குஸ் வாலை ஒடுக்கிக்கொண்டு, அவள் வகுப்புத் தோழன் டைமனின் காலடியில் போய்ப் படுத்தான்.

டைமன் புல்லை உற்றுப் பார்த்தான். "எனக்கும்தான் பந்து தெரியல. பந்தோட ஆரஞ்சும் புல்லோட பச்சையும் எனக்கு ஒண்ணுபோல இருக்கும்னு உனக்குத் தெரியும்ல? நானும் முட்டாளா?"

ஃபென்னாவுக்குச் சுருக்கென்றது. "நாய்க்குமா அப்படி?"

"ஆமா. என் கண்ணைப் பத்திப் படிச்சப்ப தெரிஞ்சுது. உன் மூளைக்குப் பளிச்சுனு தெரியற ஆரஞ்சு, அவன் மூளைக்குப் புல்லு மாதிரியே தெரியும். நீலம்னா நல்லாத் தெரியும்."

எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது ஃபென்னாவுக்கு. குஸ்ஸைத் திட்டியது வெட்கம். அதை டைமன் காதுபடச் செய்தது அதைவிட வெட்கம். இப்படியே வீட்டுக்கு ஓடிவிடலாம். ஆனால் எல்லோரும் குஸ்ஸை முட்டாள் என்றே நினைப்பார்களே?

பக்கத்து விரிப்பில் ஒரு நீலப் பந்து கிடந்தது. தன் ஆரஞ்சு இறகுத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்து அதை வாங்கினாள்.

"எல்லாரும் கேளுங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கூவினாள். "தப்பு குஸ் மேல இல்ல. அவனுக்குத் தெரியாத நிறத்துல நான்தான் பந்து கொண்டுவந்தேன். திட்டவும் செஞ்சேன். மன்னிச்சுக்கடா குஸ். நீயும் மன்னிச்சுக்க, டைமன்."

"சரி சரி, முதல்ல எறி," என்றான் டைமன்.

நீலப் பந்து பறந்தது. குஸ் நேராக ஓடிக் கவ்விக்கொண்டான். எல்லோரும் கைதட்டினார்கள். ஃபென்னா கையை நீட்டினாள். குஸ் அவளைத் தாண்டிப் போய், டைமனின் காலடியில் பந்தைப் போட்டான்.

"எனக்கு நல்லா வேணும்," என்றாள் ஃபென்னா.

டைமன் சிரித்துக்கொண்டே மறுபடி எறிந்தான். இந்தத் தடவை குஸ் பந்தை அவள் கையிலேயே கொடுத்து, வாலையும் ஆட்டினான்.