குழந்தை பாட வேண்டிய வரி

பாடகி நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாள். வயலினும் தாளமும் தம் போக்கில் போய்க்கொண்டிருக்க, அவள் மட்டும் ஒரு வரி போகிற நேரம் மௌனமாக இருந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த அடியைப் பிடித்தாள்.

பழைய இசைத்தட்டுகளின் இரைச்சலை நீக்கிக் கணினியில் ஏற்றுவதுதான், அதைக் கேட்டுக்கொண்டிருந்த இவளுக்கு வேலை. ஒரு காலத்தில் ஊரே முணுமுணுத்த பாட்டின் பதிவுகள் ஒரே பெட்டியில் கிடைத்ததில் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் இதுவரை போட்டுக் கேட்ட ஒவ்வொரு தட்டிலும் அதே இடத்தில் அதே மௌனம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், அதற்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதும் தெரிந்தது.

பெட்டியின் அடியில் பூஞ்சை வாடையோடு கிடந்த, பாட்டின் வரிகளும் ஸ்வரமும் எழுதிய தாளைப் பார்த்ததும்தான் விளங்கியது. தாய் கேட்பாள், குழந்தை பதில் பாட வேண்டும். குழந்தையின் வரியைத்தான் யாருமே பாடியிருக்கவில்லை.

பதிவில் இல்லாததை இட்டு நிரப்பாதே என்பது தொழிலின் முதல் பாடம். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சும்மா ஒருமுறை கேட்டுப் பார்க்கத்தானே என்று மகளைக் கூப்பிட்டாள்.

"இங்க வாடி, ஒரே ஒரு வரி பாடிட்டுப் போ."

"பாடினா கார்ட்டூன் போடுவியா?"

"போடுறேன் மகாராணி. பாடு."

வரியைச் சொல்லிக்கொடுத்துத் தட்டை ஓடவிட்டாள். அந்த மௌனத்தில் மகளின் குரல் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. மகள் பாடி முடித்ததும் தட்டிலிருந்த பாடகி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு இதற்குமுன் அங்கே இல்லை.

மகள் உள்ளே ஓடிவிட்டாள். இவள் அடுத்த தட்டை வைத்தாள். தூசிகூடத் துடைக்காத தட்டு. ஊசி கரகரத்தது. தாய் கேட்டாள்.

பதில் வந்தது.

மகளின் குரல். 'ர' வரும்போது தடுமாறும் அதே மழலை.

இவள் உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "பாப்பா?"

சத்தமில்லை.

"பாப்பா, அம்மா கூப்பிடுறேன்ல?"

மகள் அறை வாசலில் வந்து நின்றாள். வாய் திறந்தது. மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

தட்டில் பாட்டு நின்றுபோயிருந்தது. வெறும் கரகரப்பு. அதற்குள்ளிருந்து, வாசலில் நிற்பவளின் வாயசைவுக்குச் சரியாக:

"அம்மா, இவங்க என்னை விடமாட்டேங்கிறாங்கம்மா."

ஊசியைத் தூக்கப் போன கை பாதியில் நின்றது. தூக்கினால் அந்தக் குரலும் போய்விடும்.

மகள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஊசி தட்டின் நடுவை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது.