சாளையின் விலா எலும்பு

நான் சொல்லும் கதைகளில் பாதி பொய். எந்தப் பாதி என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்தக் கதை மற்றப் பாதியைச் சேர்ந்தது.

யுத்தம் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். எத்தாளையில், கடல் உள்ளே புகுந்து நிற்கும் களப்பின் கரையோரம், சுஹைருக்கு ஒரு கருவாட்டு வாடி இருந்தது; மீனை உப்பிட்டுக் காயவைக்கும் கொட்டகை. அந்த வருடம் காற்று கொஞ்சம் பலம். என் தொப்பி பறந்து, கற்பிட்டிக் கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அஸர் தொழுகைக்கு முன் என் தலைக்கே திரும்பி வந்தது. சரி, அதை விடுங்கள்.

சுஹைரின் மகள் ஸஹ்றாவுக்குப் பத்து வயது. வாடிப் பக்கம் திரிந்த ஒரு நாயை வெங்காய லொறி அடித்துவிட, அதன் இரண்டு குட்டிகள் மட்டும் மிஞ்சின. ஸஹ்றா இரண்டுக்கும் மீன் பெயர் வைத்தாள். ஒன்று சூடை, மற்றது சாளை.

“வீட்டுக்குள்ள எடுத்துட்டு வராத மகள். வாடியில வச்சுச் சாப்பாடு போடு. அது நன்மைதான்” என்றார் அவளுடைய உம்மா ஹஃபீலா.

நாயின் ஈரம் கையில் பட்டால், எங்கள் மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். ஆகவே எங்கள் ஊரில் நாய்க்குச் சோறு போடுவோம், தண்ணீர் வைப்போம், கை மட்டும் வைக்க மாட்டோம். ஸஹ்றாவும் வைக்கவில்லை.

மீன் வெட்டும்போது விழும் குடலையும் செவுளையும் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் பச்சையாகவே போடுவாள். குட்டிகள் சிரட்டையையும் சேர்த்துத் தின்னப் பார்க்கும். இரண்டுக்கும் பஞ்சு போல அடர்ந்த மயிர். வயிறோ பூசணிக்காய்.

“பாருங்க அப்பா, எப்படிக் கொழுத்திரிக்கு” என்பாள் என்னிடம். எங்கள் பக்கத்தில் தகப்பன் வாப்பா, பாட்டன்தான் அப்பா. நான் அவளுடைய சொந்தப் பாட்டன் இல்லை. ஊருக்கெல்லாம் அப்பா.

ஒரு மாதத்தில் சூடை செத்துப்போனது.

காலையில் நான் போனபோது, கவிழ்த்து வைத்திருந்த பழைய தோணியின் அருகில் ஸஹ்றா குந்தியிருந்தாள். சூடை வயிறு உப்பிப்போய்க் கிடந்தது. சாளை அதை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது.

“ஏன் அப்பா செத்தது? நான் ஒவ்வொரு நாளும் சாப்பாடு குடுத்தனே” என்று அழுதாள்.

அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். முகத்தை நேராக வைத்துக்கொண்டேன்.

“கூடத் திண்டுதான் செத்தது. எருக்கலம்பிட்டியில எங்கட வாப்பா காலத்தில ஒரு நாய் இரிந்தது. முழுத் திருக்கையையும் விழுங்கிப்போட்டு, வயிறு ஊதி, காத்துல எழும்பிப் போயிட்டு. மூணு நாள் பனை உச்சியில மாட்டிக் கிடந்தது. கயிறு கட்டித்தான் இழுத்து இறக்கினம்.”

மற்றப் பிள்ளைகள் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். ஸஹ்றா சிரிக்கவில்லை. சாளையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் சாளைக்கு ஒரு நேரச் சாப்பாடுதான். அதுவும் ஒரு கைப்பிடி. இது எனக்கு அப்போது தெரியாது. குட்டி வெறுஞ்சிரட்டையை நக்கி நக்கி மணலில் உருட்டிக்கொண்டு போவதைக் கண்டேன். விளையாடுகிறது என்று நினைத்தேன்.

மூன்று கிழமை போனது. சாளையின் வயிறு சிறுக்கவில்லை. ஆனால் காகத்தைத் துரத்துவதை விட்டுவிட்டது. காகம் வந்து அதன் பக்கத்திலேயே நின்றது.

ஒரு சனிக்கிழமை, மீனுக்கு உப்புப் போடும் தொட்டியின் விளிம்பில் சாளை எட்டிப் பார்த்தது. கால் வழுக்கி உப்புத் தண்ணீருக்குள் விழுந்தது. ஸஹ்றா ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினாள்.

“மகள், கை” என்று தூரத்திலிருந்து உம்மா குரல் கொடுத்தார்.

“கழுவுறன் உம்மா, கழுவுறன்.”

ஆனால் அவள் கழுவப் போகவில்லை. நனைந்த மயிர் உடம்போடு ஒட்டியிருந்தது. பூசணிக்காய்க்கு மேலே எலும்புக் கூடு தெரிந்தது. ஸஹ்றா விரலை வைத்து ஒவ்வொரு எலும்பாகத் தடவினாள். பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“அப்பா, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஆடு வாங்கக்குள்ள உங்களத்தானே கூட்டிட்டுப் போறாங்க?”

“ஓம்.”

“ஆட்டை எப்படிப் பாப்பீங்க?”

“முதுகிலயும் விலாவிலயும் கை வச்சு அமத்திப் பாக்கணும். மயிரப் பாத்தா ஏமாந்துபோவம். வயித்தப் பாத்தாலும் ஏமாந்துபோவம்” என்றேன் பெருமையாக.

“அப்ப சூடைய ஏன் கை வைக்காமச் சொன்னீங்க?”

எனக்கு எழுபத்தொரு வயது. பத்து வயதுப் பிள்ளையிடம் பிடிபட்டேன்.

“சாளைக்கு எலும்பு மட்டும்தான் இரிக்கு அப்பா. கூடத் திண்டா செத்துப்போகுமெண்டு நான் சாப்பாட்டைக் குறைச்சுட்டன்.” அவள் மறுபடியும் அந்த எலும்புகளைத் தடவினாள். “சூடையும் இப்படித்தான் இரிந்ததா?”

“அது நான் சும்மா சொன்ன கதை மகள்” என்றேன்.

அவள் கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தினாள். கை ஈரம் என்று ஞாபகம் வர, தோளிலே துடைத்துக்கொண்டாள்.

“இண்டைக்குப் பள்ளிவாசல்துறையில ஆட்டு டொக்டர் வாறார். கூடை எடுங்க அப்பா. போவம்.”

எடுத்தேன். அவள் முன்னால் நடந்தாள். மீன் கூடைக்குள் நாயோடு நான் பின்னால். வரிசையில் இருபது ஆடு, ஒரு நாய். நாங்கள் போனதும் எல்லோரும் விலகி வழி விட்டார்கள். மரியாதையால் இல்லை.

“டொக்டர், வயிறு பெரிசு. ஆனா விலாவில கை வச்சா எலும்புதான் தட்டுது. பச்சைக் குடல்தான் குடுத்த நான். பிறகு அதையும் குறைச்சுட்டன்” என்று ஸஹ்றா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

டொக்டர் குட்டியின் வயிற்றை அமத்திப் பார்த்தார். “புழு. இது தின்னுறத அதுகள் தின்னுது. வயிறு அதனாலதான் ஊதியிருக்கு. மருந்து தாறன். இனிப் பச்சைக் குடல் வேண்டாம். மீனைத் துப்பரவாக்கி, அவிச்சு, முள் எடுத்து, சோத்தோட குடுங்க. வளருற குட்டிக்கு ஒரு நாளைக்கு மூணு நேரம் வேணும்.”

“போன மாசம் மருந்து குடுத்திருந்தா, மத்தக் குட்டி இரிந்திருக்குமா?”

டொக்டர் போத்தலின் மூடியைத் திறந்தார். மருந்தை அளந்தார். “இந்தக் குட்டிக்கு எத்தனை மாசம்?” என்று கேட்டார்.

ஸஹ்றா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

அதன் பின் மூன்று நேரமும் அவளே அவித்தாள், அவளே முள் எடுத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் சாளையின் விலாவைத் தடவிப் பார்ப்பாள். “இன்னும் தட்டுது” என்பாள். அடுத்த கிழமையும் அதையே சொல்வாள். நான் கிட்ட நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் நான் ஒரு கதையும் சொல்லவில்லை. ஊரில் எனக்குக் காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஸஹ்றா என்னைக் கூப்பிட்டாள். சாளை அப்போதுதான் களப்பில் குளித்துவிட்டு வந்திருந்தது.

“கை வைங்க அப்பா.”

வைத்தேன். விலாவின் மேல் சதை மெல்லிசாகப் படர்ந்திருந்தது. எலும்பு உடனே தட்டவில்லை. கொஞ்சம் அமத்தித் தேடினால்தான் கிடைத்தது. மேலே இருந்து பார்த்தால் இடுப்பு அளவாக உள்ளே ஒடுங்கியிருந்தது. சாளை என் முழங்கையை நக்கியது.

“நல்லா இரிக்கு” என்றேன். பிறகு, “சூடையையும் நான் இப்படிப் பாத்திரிக்கணும்” என்றேன்.

“ஓம்” என்றாள் ஸஹ்றா. அவ்வளவுதான் சொன்னாள். நான் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை.

கிணற்றடியில் நான் மண் குழைத்துக் கை கழுவுவதைப் பார்த்து, வாடியில் வேலை செய்யும் அத்தாஉல்லா நின்றான்.

“என்ன அப்பா, இது என்ன கழுவல்?”

“நாயின்ட விலா எலும்பத் தடவிப் பாத்தன்.”

“நீங்க சொன்ன பொய்யிலயே பெரிய பொய் இதுதான்” என்று சிரித்துக்கொண்டே அவன் போய்விட்டான்.

நான் அவனைத் திருத்தவில்லை. ஆறு தடவை கழுவி முடிந்திருந்தது. ஸஹ்றா வந்து வாளியை வாங்கி, ஏழாவது தடவைக்குத் தானே என் கையில் தண்ணீர் ஊற்றினாள்.