மூடிய கடலில் மூச்சு

கிரேட்டா ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து எங்கள் வேனோ தீவுத் துறையில் இறங்கியது ஒரு மத்தியானம். போரில் மூழ்கிய ஜப்பான் கப்பலை முழுகிப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போக வேண்டியவன் என் தம்பி கியோஸி, எங்கள் அம்மாவின் செல்லப்பிள்ளை. முழுகுவதில் கெட்டிக்காரன், வாயடிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரன்.

அந்தக் கப்பல் கிடப்பது ரெசியோ குடும்பத்துப் பாறைத்திட்டில். கிழவர் ரெசியோ அப்போதுதான் செத்திருந்தார். தண்ணீரில் கழி நட்டுத் தென்னங்கீற்றுக் கட்டியிருந்தார்கள். கட்டிவிட்டால் அந்தக் கடல் மூடியாயிற்று. குடும்பத்தார் அவிழ்க்கும்வரை ஒரு பயல் இறங்கக் கூடாது.

"வேணாம்டா. வேற கப்பலா இல்ல?" என்றேன்.

"மீன் பிடிக்கத்தாண்ணே தடை. நான் பிடிக்கவா போறேன்? சும்மா பாத்துட்டு வரப் போறேன். உசுரோட இருக்கும்போதே கெழவனால என்னைப் பிடிக்க முடியல. இப்பவா பிடிச்சிடுவான்?"

பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா! நானும் புத்தி கெட்டுப் படகை விட்டேன்.

இருவரும் இறங்கினார்கள். நான் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் இருப்பவனுக்கு அதுதான் வேலை. குமிழி வந்தால், கீழே ஆள் மூச்சு விடுகிறான் என்று அர்த்தம்.

இரண்டு வரிசை வந்தது.

பிறகு மூன்று.

மூன்றாவது வரிசை உடைந்த இடத்தில் மஞ்சள் வாசனை அடித்தது. பிணத்துக்குப் பூசுகிற மஞ்சள். இரும்புக் கம்பியை எடுத்து ஏணியில் தட்டு தட்டென்று தட்டினேன். மேலே வா என்று கூப்பிடும் சத்தம் அது.

கிரேட்டா மட்டும் வந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"கீழ ஒரு கெழவர்... சிலிண்டர் இல்ல, ஒண்ணும் இல்ல. கியோஸி காலைப் பிடிச்சு மெதுவா கப்பலுக்குள்ள..."

"நீ இழுக்கலையா?"

"இழுத்தேன். அவர் என்னைப் பாத்துச் சிரிச்சார்."

மறுநாள் ரெசியோவின் மகன்களே இறங்கி என் தம்பியின் உடலை எடுத்து வந்தார்கள். புதைத்தோம். நான்தான் மண்ணைத் தள்ளினேன்.

ஆனால் கப்பலுக்கு மேலே குமிழி நிற்கவில்லை. மீன்பிடிக்கப் போகிறவர்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். அது அம்மா காதுக்கும் போயிற்று. கூட்டிப்போ என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கூட்டிப்போனேன்.

விட்டு விட்டு, நிதானமாக, தூங்குகிறவன் மூச்சு விடுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது.

"மூச்சு விடுறான்டா," என்றாள் அம்மா. "உசுரோட இருக்கிற புள்ளையையா மண்ணுல போட்டே?"

"செத்துட்டாம்மா. நான்தானே முகத்தைத் துடைச்சேன்."

"அப்ப இது யாரு?"

நான் படகைக் கரைக்குத் திருப்பினேன்.

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. ஆக்கி வைத்த ஈரப்பலாக்காயை எடுத்துக்கொண்டு, தானே தோணி வலித்துப் போவாள். "சாப்பிடுடா கண்ணு," என்று குமிழியில் பிட்டுப் பிட்டுப் போடுவாள். போட்டது எதுவும் மிதந்ததில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நேற்று தோணி மட்டும் திரும்பி வந்து கரையில் முட்டியது.

நான் முழுகித் தேடினேன். கப்பலின் ஒவ்வோர் அறையாகத் தேடினேன். அம்மா கிடைக்கவில்லை.

அவள் சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்கவில்லை. ஆனாலும் இன்று காலையிலிருந்து, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு வரிசை வந்துகொண்டிருக்கிறது.