காயாத மேசை

அத்தை பொய் சொல்கிறார் என்பது சிந்துஜாவுக்குப் போனிலேயே தெரிந்துவிட்டது.

"இந்த வாரமும் வரல கண்ணு. கிள்ளை பஸ்ல கூட்டம் ஜாஸ்தி. நிக்க முடியல" என்றார் ஆரோக்கியம்மாள் அத்தை.

போன் வைக்கப்பட்டது. சிந்துஜா யோசித்தாள்.

கூட்டமா? அத்தைக்கா?

அத்தை கிள்ளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பள்ளிக்கூடம் முழுவதையும் தட்டோடு வரிசையில் நிற்க வைப்பவர். பஸ்ஸில் இடம் இல்லையென்றால், "தம்பி, எந்திரி" என்பார். எழுந்துவிடுவார்கள். ஒருமுறை கண்டக்டரே எழுந்துவிட்டார்.

அப்படியானால் உண்மைக் காரணம் வேறு.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அத்தை கடலூருக்குப் பஸ் ஏறிவிடுவார். மதியச் சாப்பாடு தம்பி வீட்டில்தான். அவர் வருவது எப்போது நின்றது? முட்டி ஆபரேஷனுக்குப் பிறகா? இல்லை. அதற்கப்புறமும் ஒருமுறை வந்தாரே.

அந்த ஒருமுறை என்ன நடந்தது என்று சிந்துஜா மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

பாய் விரித்து எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். அத்தை தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் தட்டைக் கொடுத்தார்கள். கீழே அப்பா ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தைக்கு அது கேட்கவில்லை.

"என்னடா சொன்ன?" என்று குனிந்தார். தட்டு சரிந்தது. மீன் குழம்பு மொத்தமும் புடவையில்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அத்தையே துடைத்துக்கொண்டார். அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் கிள்ளை பஸ்ஸில் கூட்டம் சேர ஆரம்பித்தது.

"அப்பா, நமக்கு ஒரு டேபிள் வேணும்" என்றாள் சிந்துஜா.

"எதுக்கு? ஹோம்வொர்க்குக்கா? நீ கட்டில்ல படுத்துக்கிட்டுத்தான எழுதுற?"

அவள் காரணத்தைச் சொன்னாள். அப்பா சார்லஸ் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அம்மா ரேகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"புதுசு வாங்குறதெல்லாம் இப்ப ஆகாது" என்றாள் அம்மா.

"பழசு?" என்றாள் சிந்துஜா.

சிதம்பரத்தில், ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், ஜமாலுதீன் பாயின் பழைய சாமான் கடை இருந்தது. பீரோக்களுக்கும் கட்டில்களுக்கும் பின்னால், கடைசியில் ஒரு மேசை நின்றது. கால்களில் பச்சை பெயின்ட். மேலே பழுப்பு பெயின்ட். பழுப்பு உரிந்த இடத்தில் நீலம். நீலம் உரிந்த இடத்தில் இன்னொரு பழுப்பு.

"தேக்கா பாய்?" என்று கேட்டார் அப்பா.

"தேக்கு மாதிரி."

"மாதிரின்னா?"

"பாத்தா தேக்கு மாதிரி இருக்கும். பெயின்ட்ட சொரண்டிட்டுப் பாருங்க. அதுக்கப்புறமும் தேக்கு மாதிரி இல்லன்னா எனக்குப் போன் பண்ணாதீங்க."

விலை குறைவு. நான்கு காலும் ஆடவில்லை. மேசை குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏறிக் கடலூர் வந்தது.

அன்று இரவே சிந்துஜா அத்தைக்குப் போன் செய்தாள். மேசை உங்களுக்காக என்று சொல்லக் கூடாது. தனக்காக யாராவது சிரமப்பட்டால் அத்தைக்குப் பிடிக்காது.

"அத்த, நாங்க டைனிங் டேபிள் வாங்கியிருக்கோம். ஞாயித்துக்கெழம மொதமொதல்ல அதுல சாப்புடப் போறோம். நீங்க வந்தாதான் ஆரம்பிப்போம்."

அத்தை ஒன்றைத்தான் கேட்டார்.

"எல்லாரும் டேபிள்லயா?"

"எல்லாரும்."

"பஸ்ல கூட்டம் இல்லன்னா வரேன்" என்றார் அத்தை.

வேலை தொடங்கியது. அப்பாவுக்குக் குடிகாட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும் வாசலில் மேசையைப் போட்டு உப்புத்தாளை எடுத்துவிடுவார். மேல்பலகை அவருடைய பங்கு. கால்கள் சிந்துஜாவின் பங்கு. மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்யக்கூடிய அளவில் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

தேய்க்கத் தேய்க்கத் தூள் பறந்தது. பச்சைத் தூள், பழுப்புத் தூள், நீலத் தூள். மூக்கில் கைக்குட்டை கட்டிய அப்பாவைப் பார்த்து, பால் கொண்டுவந்தவர் வண்டியை நிறுத்தாமலே போய்விட்டார்.

ஒருவழியாக மரம் தெரிந்தது. வெளிர் மஞ்சள் நிறம். தேக்கு மாதிரி இல்லை. அப்பா பாய்க்குப் போன் பண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா வார்னிஷ் அடித்தார். மேசை கண்ணாடி போல மின்னியது.

"நாளைக்குக் காஞ்சிடும்" என்றார்.

சனிக்கிழமை காயவில்லை. சிந்துஜா விரலை வைத்தாள். விரல் திரும்பி வர யோசித்தது.

"கடலூர் காத்துல ஈரம் ஜாஸ்தி. நாளைக்குக் காஞ்சிடும்" என்றார் அப்பா. மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். தூசி படியாமலிருக்க மேலே செய்தித்தாளை விரித்தார்.

அதுதான் பெரிய தவறு.

ஞாயிற்றுக்கிழமை காலை செய்தித்தாளை எடுக்கப் போனார். பாதி வந்தது. மீதி வரவில்லை. மேசையின் நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் வானிலைச் செய்தி.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"சார்லசு, கெளம்பிட்டேன். சிதம்பரத்துல பஸ் மாறி உக்காந்துட்டேன். எடம் கெடச்சிருச்சு" என்றார் அத்தை.

அப்பா போனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தார்.

"வந்துக்கிட்டு இருக்காங்க."

மூன்று பேரும் அவரவருக்குத் தோன்றியதைச் சொன்னார்கள்.

"பெட்ஷீட் விரிச்சிடலாமா?" என்றாள் அம்மா.

"அதுவும் ஒட்டிக்கும். அப்புறம் பெட்ஷீட்டையும் சேத்துதான் சாப்புடணும்" என்றார் அப்பா. "டர்பன்டைன் ஊத்தித் தொடச்சா வந்துடும். ஆனா அந்த நாத்தத்துல யாரு சாப்புடுறது?"

கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார். "பாய விரி ரேகா. நாம கீழ உக்காந்துக்கலாம். அக்காவுக்கு நாற்காலி போட்டுடலாம். இந்த ஒரு தடவதான."

"வேணாம்பா" என்றாள் சிந்துஜா. "எல்லாரும் டேபிள்லன்னு சொல்லித்தான் வரச் சொன்னேன். திரும்பவும் ஓரமா உக்கார வெச்சோம்னா, இனிமே பஸ் காலியா வந்தாக்கூட வர மாட்டாங்க."

அப்பாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வார்னிஷ் டப்பாவை எடுத்துப் பார்த்தார்.

"கடக்காரன் ஏமாத்திட்டான். கலப்படம் பண்ண வார்னிஷ். இப்பவே போய் நாலு வார்த்த கேக்குறேன்."

"அவர ஏன் கேக்கணும்..." என்றாள் அம்மா. குரல் இறங்கியிருந்தது.

"பின்ன?"

"நீங்க தேச்சு முடிச்சதும் மரம் வெளிறிப் போயிருந்துச்சு. எண்ண வெக்காத தல மாதிரி. பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சா... நீங்க ஷிப்டுக்குப் போனதும் தேங்காண்ண தடவிட்டேன்."

அப்பா டப்பாவைக் கீழே வைத்தார்.

"தேங்காண்ணயா?"

"வாசக்கதவுக்குத் தடவுறோம்ல. பளபளன்னு ஆகுதுல்ல."

"கதவுக்கு எண்ண தடவிட்டு அது மேல வார்னிஷ் அடிக்கிறமா ரேகா? எண்ண மேல அடிச்சா அது எப்படிக் காயும்? அடுத்த வருஷமும் காயாது."

"எனக்கென்ன தெரியும்? நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அப்பா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் சிந்துஜா நடுவில் வந்தாள்.

"அம்மா, எண்ண எங்கெங்க தடவுனீங்க?"

"மேலதான்."

"அடியில?"

"அடியில யாருடி தடவுவாங்க?"

சிந்துஜா மேசைக்கு அடியில் போய்ப் படுத்தாள். அந்த இடம் அவளுக்குப் பழக்கமானது. கால்களைத் தேய்த்த நாட்களில் அவள் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் மேல்பலகையின் அடிப்பக்கத்தைத்தான். அங்கே பெயின்ட் இல்லை. எண்ணெய் இல்லை. வார்னிஷ் இல்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. கொஞ்சம் சொரசொரப்பு, அவ்வளவுதான்.

"அப்பா, இந்தப் பலக சட்டத்தோட நாலு ஸ்க்ரூலதான் நிக்குது. கழட்டித் திருப்பிப் போட்டா?"

அப்பா குனிந்து பார்த்தார். பிறகு முழங்கால் போட்டுப் பார்த்தார். பிறகு அவரும் மல்லாந்து படுத்துப் பார்த்தார். தலை மட்டும்தான் உள்ளே போனது.

"ரேகா, திருப்புளி எங்க இருக்கு?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

பஸ் சிதம்பரத்தை விட்டுக் கிளம்பியிருக்கும். இனி பேச நேரமில்லை.

ஸ்க்ரூக்கள் கழன்றன. பலகையை இரண்டு பக்கமும் பிடித்துப் புரட்டினார்கள். அப்பாவின் சட்டை ஒட்டிக்கொண்டது. இழுத்ததில் ஒரு பட்டன் மேசையோடு போய்விட்டது. நகைக்கடை விளம்பரம் தலைகீழாகத் தரையைப் பார்த்தது.

அம்மாவும் உப்புத்தாள் எடுத்துக்கொண்டாள். மூன்று பேரும் மூன்று பக்கம் நின்று தேய்த்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டினாலும் சர் சர் என்கிற சத்தத்தில் கேட்டிருக்காது. தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, மேசையை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மின்விசிறிக்குக் கடைசியில் ஒரு உருப்படியான வேலை கிடைத்தது.

"இப்பவாவது எண்ண தடவாம இரு" என்றார் அப்பா.

"நீங்க பேப்பர் விரிக்காம இருங்க" என்றாள் அம்மா.

சிந்துஜாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டார்கள்.

அத்தை வந்து சேர்ந்தபோது நான்கு வாழை இலைகள் மேசைமேல் தயாராக இருந்தன. வஞ்சிரம் வறுவலின் வாசனையில் வார்னிஷ் வாசனை காணாமல் போயிருந்தது.

அத்தை வாசலிலேயே நின்றார். முதலில் சுவரோரம் பார்த்தார். அங்கே நாற்காலி இல்லை. நாற்காலி மேசைக்குப் பக்கத்தில், மற்ற இருக்கைகளோடு இருந்தது.

"உக்காருங்க அண்ணி" என்றாள் அம்மா.

வீட்டில் இருந்ததே இரண்டு நாற்காலிகள்தான். அத்தைக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அம்மாவுக்கு ஸ்டூல். சிந்துஜாவுக்கு அரிசி டின். டின்னில் உட்கார்ந்தால் அவளுடைய தாடையும் இலையும் ஒரே உயரத்தில் இருந்தன.

"உனக்குக் கையே தேவையில்ல. அப்படியே மேஞ்சிடலாம்" என்றார் அத்தை.

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும்தான்.

சோறு வந்தது. குழம்பு வந்தது. அப்பா கம்பெனி கேன்டீனில் நடந்த சாம்பார் சண்டையைச் சொன்னார். அத்தை அதை விடப் பெரிதாக, தன் பள்ளிக்கூடத்தில் நடந்த முட்டைச் சண்டையைச் சொன்னார். யாரும் யாரையும் "என்ன சொன்ன?" என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

நடுவில் அத்தை இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்தார். கையை எடுக்கப் பார்த்தார். விரல்கள் உடனே வரவில்லை. குனிந்து அடியில் பார்த்தார்.

"சார்லசு, அடியில எதுக்குடா நகக்கட வெளம்பரம்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சிந்துஜாவைப் பார்த்தாள். சிந்துஜா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எண்ணெய், செய்தித்தாள், பட்டன் எதையும் விடவில்லை.

அத்தை இலையைப் பார்த்தபடி கேட்டார்.

"எனக்காகவா இவ்வளவும்?"

"இல்ல அத்த, எங்களுக்காகத்தான். நீங்க ஓரமா உக்காந்தா எங்களுக்குப் பேச்சே நடக்க மாட்டேங்குது."

 அத்தை இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார். நடுவில் குழி பறித்துக் குழம்புக்காகக் காத்திருந்தார்.

சாப்பிட்டு முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கை காய்ந்துபோகும்வரை பேச்சு ஓடியது.

"அந்தப் பக்கத்தச் சொரண்டிட்டு மறுபடி வார்னிஷ் அடிக்கணும்க்கா" என்றார் அப்பா. "காஞ்சதும் சொல்றேன். அப்ப வாங்க."

"காயலன்னாலும் வருவேன்" என்றார் அத்தை. "அடுத்த ஞாயித்துக்கெழம நண்டு எடுத்தாறேன். ரேகா, நீ மொளகு மட்டும் அரச்சு வை."