மடியில் மூன்று பீஸ் கட்டைகள்

மூன்று பீஸ் கட்டைகளும் மைதிலியின் மடியில்தான் கிடந்தன. ஆனாலும் மோட்டார் ஒயர் முனகிக்கொண்டிருந்தது.

ரோட்டோரத்து மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கரண்டை நிறுத்தி, மடியில் முடிந்துகொண்டு கிணற்றுமேட்டில் வந்து நிற்பது அவள் வேலை. உள்ளே இறங்கி மோட்டாரைப் பார்ப்பது அவள் கணவன் சந்தோஷ்குமாரின் வேலை. கட்டை அவள் மடியில் இருக்கும்வரை அவன் உயிருக்கு ஆபத்தில்லை. அதுதான் அந்த வீட்டுச் சட்டம்.

"ஏனுங்க, ஒயரு ரொய்ங்குதுங்க. மேல வந்துருங்க."

"கட்டைய மடியில வெச்சிருக்கீல்ல அம்மிணி? அப்பறம் கரண்டு என்ன, உங்கொப்பன் ஊட்டுலிருந்தா வருது?" கிணற்றின் அடியிலிருந்து சிரிப்பு எதிரொலித்தது.

கம்பிச் செலவை மிச்சம்பிடிக்க, அந்த ஒயரை உயரழுத்த டவர் லைனுக்கு நேர்கீழே நாலு வயக்காடு தூரத்துக்கு இழுத்தவன் அவன்தான். "தொடாத கம்பியிலயும் கரண்டு ஏறுமுங்க" என்று லைன்மேன் மாதையன் எச்சரித்தபோதும் இதே சிரிப்புத்தான்.

பொழுது சாய்ந்திருந்தது. எருமப்பட்டிக் கொசுக்கூட்டம் மொத்தமும் ஒரே குடத்துக்குள் மாட்டிக்கொண்டதுபோல் டவர் கம்பிகள் இரைந்தன. அந்த இரைச்சல் ஒயரைத் தாங்கிய கல்லுக்கால்கள் வழியே இறங்கி, ஈரமண் வாசமும் பக்கத்துக் கோழிப்பண்ணையின் நெடியும் கலந்த காற்றில் ஊறி, அவள் பல்வேரில் வந்து குந்திக்கொண்டது. பண்ணையின் பத்தாயிரம் கோழிகளில் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்குகள் அசைந்தன. எழுந்தன. நெஞ்சைவிட்டு விலகி, கிணற்றைப் பார்த்து விறைத்து நின்றன.

"ஏனுங்க! ஏறி வாங்க!"

"வாரேன், வாரேன். மேலிருந்து எதுக்கு ஒயரத் தள்ளுற? உடு!"

அவள் தள்ளவில்லை. மூன்று ஒயர்களும் கல்லுக்காலிலிருந்து கழன்று, ஒன்றையொன்று இழுத்துத் தழுவிக்கொண்டு, தாமாகவே கிணற்றுக்குள் இறங்கின. சுவரோரமாக ஒரு சுற்று. அதன்மேல் இன்னொரு சுற்று. இடைவெளியே இல்லாமல். மோட்டாருக்குள் செப்புக்கம்பிக் காயில் சுற்றுகிற நேர்த்தியில்.

பிடித்து இழுத்தாள். உள்ளங்கை பொசுங்கியது. ஒயர் நிற்கவில்லை.

எட்டிப் பார்த்தாள். கணுக்கால் தண்ணீரில், நட்டநடுவில், மோட்டாரில் சுழல்தண்டு நிற்கிற இடத்தில், சந்தோஷ்குமார். ஒரு ஒயரும் அவன்மேல் படவில்லை.

"மைதிலி..." சிரிப்பு போயிருந்தது. "என்னையப் புடி."

அவன் திரும்பினான். கால் அசையாமல். மெதுவாக.

முகம். முதுகு. முகம்.

நீட்டிய கையோடு. வேகமாக.

முகம், முதுகு, முகம்.

பிறகு எது முகமென்று தெரியவில்லை. வாய் மட்டும், வட்டம் முழுக்க, திறந்தே இருந்தது.